ஏழை என்றால் கிராக் கேம் குற்றமில்லையா? அந்தச் செய்தி தவறு

திருப்பூர், ஈரோடு பக்கம் வாட்ஸ்அப் குரூப்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: 'வருமானம் குறைந்தவர்கள் சொந்த உபயோகத்துக்கு கிராக் கேம் (காசு கொடுக்காமல் ஆட, பூட்டை உடைத்த திருட்டுப் பிரதி) இறக்கினால் குற்றமில்லை, பதிப்புரிமைச் சட்டம் 52-வது பிரிவே அனுமதிக்கிறது.'

தவறுங்க. அந்தப் பிரிவில் சொந்த உபயோகத்துக்குச் சலுகை இருப்பது உண்மைதான், ஆனால் கணினி நிரலுக்கு (சாஃப்ட்வேருக்கு) அது பொருந்தாது என்று அதே இடத்தில் எழுதியிருக்கிறது, பிசி கேமும் ஒரு நிரல்தானே. வருமானத்தைப் பற்றி அங்கே ஒரு சொல்கூட இல்லை. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே பயன்படுத்தினால் 63பி பிரிவில் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். லாபத்துக்காக இல்லையென்றால் தகுந்த காரணம் சொல்லி நீதிமன்றம் சிறையைத் தவிர்க்கலாம், அவ்வளவுதான். மத்திய அரசின் சட்டத் தளமான இந்தியா கோடில் 1957-ம் ஆண்டுச் சட்டத்தை யாரும் இலவசமாகப் படிக்கலாம்.

பனியன் கம்பெனியில் வாரச் சம்பளம் வாங்கும் வீட்டில் ஒரு கேமுக்கு 3,000 ரூபாய் என்பது நடக்காத காரியம், அந்த ஆதங்கம் நியாயமானது. அதற்காகச் சட்டம் மாறிவிடாது. அப்புறம், 'ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்' என்று சொல்லும் கிராக் ஃபைலை இறக்கும் அதே கம்ப்யூட்டரில்தான் அப்பாவின் பேங்க் கணக்கையும் திறக்கிறோம். எபிக் ஸ்டோர் என்ற கேம் விற்கும் தளத்தில் வாராவாரம் இலவச கேம் தருகிறார்கள், அதை எடுத்துக்கொள்ளலாம். இந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து யாருக்கும் ஃபார்வர்ட் செய்யாதீங்க.