நார்த் பிளாட்டின் காபியும் யூனியன் பசிபிக்கின் கணக்கும்

டிசம்பர் பிறந்தால் போதும், இரண்டாம் உலகப் போர்க் காலத்து நார்த் பிளாட் கேன்டீன் கதை யாருடைய பக்கத்திலாவது வந்துவிடும். படித்தவர்கள் கண் கலங்கிப் பகிர்வார்கள். நானும் பகிர்ந்திருக்கிறேன். நல்ல கதை, நடந்த கதை. ஆனால் சொல்பவர்கள் எல்லாரும் அதை 1946-லேயே முடித்துவிடுகிறார்கள். அந்த ஊர் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. அதற்குப் பிறகு அந்த ஊருக்கு என்ன ஆனது என்பதைச் சொல்லாமல், அந்த மக்களின் நல்ல மனசை மட்டும் கொண்டாடிக்கொண்டிருப்பது அவர்களுக்கு நாம் செய்கிற அநியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கதை. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், வடக்கு பிளாட், தெற்கு பிளாட் என்ற இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் உள்ள ஊர் நார்த் பிளாட். 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 23,000 சொச்சம். சுற்றிலும் புல்வெளி, மாட்டுப் பண்ணை, சோளக்காடு. 1941 டிசம்பர் 7-ல் அமெரிக்காவின் பேர்ல் ஹார்பர் கடற்படைத் தளத்தை ஜப்பான் தாக்கியது. பத்து நாள் கழித்து, நெப்ராஸ்கா நேஷனல் கார்டின் ‘டி’ கம்பெனி, நம்ம ஊர்ப் பையன்கள் இருக்கிற படைப்பிரிவு, ரயிலில் நம் ஸ்டேஷன் வழியாகப் போகிறது என்று ஊருக்குள் பேச்சு பரவியது. கேக், சிகரெட், கடிதம் என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு சில நூறு பேர் குளிரில் நடைமேடையில் போய் நின்றார்கள். ரயிலும் வந்தது. உள்ளே இருந்ததும் ‘டி’ கம்பெனிதான். ஆனால் கான்சாஸ் மாநிலத்து ‘டி’ கம்பெனி. ஒரு முகம்கூடத் தெரிந்த முகம் இல்லை. ஒரு நிமிடம் திகைத்தார்கள். பிறகு, இதுவும் யாரோ பெற்ற பிள்ளைகள்தானே என்று கொண்டுவந்ததை எல்லாம் அந்தப் பையன்களிடமே கொடுத்துவிட்டார்கள்.

அந்தக் கூட்டத்தில் நின்றவர் ரே வில்சன் என்ற 26 வயதுப் பெண். கடையில் விற்பனை வேலை. சகோதரர் நிஜமான நெப்ராஸ்கா ‘டி’ கம்பெனியில் இருந்தார். மறுநாளே உள்ளூர்ப் பத்திரிகையில் அவருடைய கடிதம் வந்தது: இந்த வழியாகப் போகிற ஒவ்வொரு ராணுவ ரயிலுக்கும் நாம் ஏன் இப்படிச் செய்யக் கூடாது? கிறிஸ்துமஸ் அன்றே தொடங்கிவிட்டார்கள். 1946 ஏப்ரல் 1 வரை ஒருநாள்கூட நிறுத்தவில்லை. சுற்றுவட்டாரத்தில் 125 ஊர்கள் சேர்ந்துகொண்டன. இன்றைக்கு உங்கள் ஊர், நாளைக்கு எங்கள் ஊர் என்று முறை வைத்துக்கொண்டார்கள். 60 லட்சம் சிப்பாய்கள் அந்த ஸ்டேஷனில் இறங்கிக் காபி குடித்துப் போனார்கள். போர்க்காலம், சர்க்கரையும் காபித் தூளும் பெட்ரோலும் ரேஷனில்தான் கிடைக்கும். தங்கள் வீட்டுப் பங்கைத் தூக்கிக் கொடுத்தார்கள். அவித்த முட்டை, சாண்ட்விச், அன்றைக்குப் பிறந்தநாள் என்று சொல்கிற பையனுக்கு ஒரு முழு கேக். வேட்டையாடிய ஃபெசன்ட் பறவையின் இறைச்சியை வைத்த சாண்ட்விச் அந்தக் கேன்டீனின் அடையாளமாகவே ஆகிவிட்டது. ஒரு சின்னப் பையன் தன் சட்டையைக் கழற்றி ஏலத்தில் விட்டுப் பணம் சேர்த்துக் கொடுத்தான். அதிபர் ரூஸ்வெல்ட் அனுப்பிய 5 டாலர் நோட்டைத் தவிர வாஷிங்டன் காசு ஒரு பைசா வரவில்லை.

வழக்கமாகப் பகிரப்படுகிற பகுதி இத்தோடு முடிகிறது. இனி என் பங்கு.

அந்த ஊரை தேவதைகள் வாழ்ந்த ஊர் மாதிரி எழுதுகிறார்கள். அது எனக்கு ஒப்பவில்லை. அதே ஊரில் 1929 ஜூலையில், ஒரு கறுப்பின மனிதர் ஒரு போலீஸ்காரரைச் சுட்டுக் கொன்றார் என்பதற்காக, அந்த ஊரில் இருந்த கறுப்பினக் குடும்பங்களையே ஒரு கும்பல் வெளியேறச் சொல்லி விரட்டியது. சுமார் 200 பேர் என்று அன்றைய பத்திரிகைகள் எழுதின. பன்னிரண்டு வருடம் கழித்து அதே ஸ்டேஷனில் கறுப்பினச் சிப்பாய்களுக்கும் அதே மேசையில் அதே காபி கொடுக்கப்பட்டது. நாட்டின் பல இடங்களில் அது நடக்காத காலம். இரண்டையும் செய்தது ஒரே ஊர். தேவதைகளைப் பற்றிய பதிவில் இதற்கு இடம் இருக்காது. மனிதர்களைப் பற்றி எழுதினால் இருக்கும்.

அடுத்து, எல்லாரும் விட்டுவிடுகிற ஒரு கேள்வி. ரயில் ஏன் அங்கே நின்றது? நீராவி இன்ஜின். தண்ணீர் பிடிக்க வேண்டும், எண்ணெய் போட வேண்டும். அதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். கேன்டீன் முழுக்க அந்தப் பத்து நிமிடத்துக்குள் நடந்த காரியம். ரயில்வேதான் அந்த நிறுத்தத்தைக் கொடுத்தது. அந்த ஊரையே கொடுத்ததும் ரயில்வேதான். 1866-ல் யூனியன் பசிபிக் என்ற ரயில் கம்பெனியின் தண்டவாளம் அங்கே எட்டியபோது, கிரென்வில் டாட்ஜ் என்ற அதன் தலைமைப் பொறியாளர் வரைந்த ஊர் அது. கேன்டீனுக்கு ஸ்டேஷன் சாப்பாட்டு அறையைத் திறந்துவிட்ட யூனியன் பசிபிக் தலைவர் வில்லியம் ஜெஃபர்ஸ் யார் தெரியுமா? நார்த் பிளாட்டில் பிறந்தவர். 14 வயதில் அதே கம்பெனியில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்து, படிப்படியாக ஏறி, 1937-ல் தலைவரானவர். கேன்டீனுக்கு இடம் கேட்கிற வேண்டுகோள் எந்த ஊரிலிருந்து வருகிறது, அந்த நடைமேடை எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கம்பெனியின் மேல் நாற்காலியில் இருந்தவருக்கு அந்த ஊர் சொந்த ஊராக இருந்தது. இதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன்.

போருக்குப் பிறகு டீசல் இன்ஜின் வந்தது. தண்ணீருக்கு நிற்க வேண்டிய தேவை போயிற்று. 1971-ல் நாட்டின் பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக் தொடங்கியபோது நார்த் பிளாட்டுக்குப் பயணிகள் ரயிலே இல்லாமல் போனது. இன்றும் நெப்ராஸ்காவைக் கடக்கிற ஒரே ஆம்ட்ராக் ரயில் தெற்கே வேறு பாதையில், அதுவும் ராத்திரியில், போகிறது. 1973-ல் அந்த ஸ்டேஷன் கட்டடத்தையே கம்பெனி இடித்துவிட்டது. 60 லட்சம் பேர் இறங்கி ஏறிய கட்டடம். அதை வைத்திருந்தால் கம்பெனிக்கு என்ன நஷ்டம் வந்திருக்கும்?

ஆனாலும் ஊர் பிழைத்தது, சரக்கு ரயிலால். அங்கே இருக்கிற பெய்லி யார்டுதான் உலகத்திலேயே பெரிய ரயில் யார்டு, அதாவது சரக்குப் பெட்டிகளைப் பிரித்துப் போகிற ஊர்வாரியாக ரயிலாகச் சேர்க்கும் இடம். 2,850 ஏக்கர், எட்டு மைல் நீளம். ஓமாஹாவிலிருந்து காரில் நாலு மணி நேரம் போய், கோல்டன் ஸ்பைக் டவர் என்ற எட்டு மாடிக் கோபுரத்தில் ஏறி நின்று பார்த்தேன். கீழே மண்ணால் மேடு கட்டியிருக்கிறார்கள், கிழக்கே போகிற பெட்டிகளுக்கு 34 அடி, மேற்கே போகிறவற்றுக்கு 20 அடி. இன்ஜின் பின்னாலிருந்து மெல்லத் தள்ளுகிறது. மேட்டின் உச்சிக்கு வரும்போது கொக்கியைக் கழற்றிவிடுகிறார்கள். பெட்டி தன் எடையிலேயே சரிந்து இறங்குகிறது. இறங்கும் வழியில் இரண்டு பக்கமும் இரும்புத் தாடைகள் சக்கரத்தைக் கவ்வி வேகத்தைக் குறைக்கின்றன. அப்போது எழுகிற கிறீச்சொலி காதைக் கிழிக்கும். பிறகு 114 தண்டவாளங்களில் தனக்கு உரியதில் போய், நிற்கிற பெட்டியோடு ‘டொம்’ என்று இணைந்துகொள்கிறது. நிமிடத்துக்கு நாலு பெட்டி. கோபுரத்தில் விளக்கம் சொல்கிறவர்களில் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் உண்டு. எங்களுக்கு வாய்த்த பெரியவர் பெட்டியின் நிறத்தையும் வடிவத்தையும் பார்த்தே நிலக்கரி, தானியம், எத்தனால் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு பெட்டி கொஞ்சம் வேகமாகப் போய் இடித்தபோது, பேச்சை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். வேலையை விட்டு எத்தனை வருடம் ஆனாலும் காது விடவில்லை.

இப்படி ஒரு ஊரின் அப்பா, மகன், பேரன் மூவரும் ஒரே கம்பெனியில் இருப்பார்கள். சம்பளம் நல்ல சம்பளம், கல்லூரிப் படிப்பு தேவையில்லை, தனி ஓய்வூதியத் திட்டம் உண்டு. விலை வேறு விதத்தில் கொடுக்க வேண்டும். சரக்கு ரயில் ஓட்டுபவர்களில் பலருக்கு நிலையான நேர அட்டவணை கிடையாது. போன் வரும், ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் யார்டில் இருக்க வேண்டும். ராத்திரி இரண்டு மணியோ, பிள்ளைக்குப் பிறந்தநாளோ, பனிப்புயலோ, கணக்கில்லை. போய்ச் சேர்ந்த ஊரில் ஹோட்டலில் தூங்கி, அடுத்த ரயிலில் திரும்ப வேண்டும். இதை எல்லாம் தெரிந்தேதான் சேர்ந்தார்கள். பதிலுக்கு வேலை நிலைக்கும் என்று நம்பினார்கள்.

2018 அக்டோபரில் யூனியன் பசிபிக் ‘பிரிசிஷன் ஷெட்யூல்டு ரயில்ரோடிங்’ என்ற முறைக்கு மாறியது. பெயர் கம்பீரமாக இருக்கும். நடைமுறையில் ரயிலை நீளமாக்கு, இன்ஜினைக் குறை, யார்டைக் குறை, ஆளைக் குறை. பங்குச் சந்தைக்காரர்களின் வால் ஸ்ட்ரீட் ஒரே ஓர் எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது: 100 டாலர் வருமானத்தில் எத்தனை டாலர் செலவாகிறது என்பது. அதை 60-க்குக் கொண்டுவருவோம் என்று கம்பெனி அறிவித்தது. நார்த் பிளாட்டிலும் நூற்றுக்கணக்கானவர்களுக்கு வேலை போனது. 2022-ல் பெரிய ரயில் கம்பெனிகளை விசாரணைக்கு அழைத்த, ரயில்வேயைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான சர்ஃபேஸ் டிரான்ஸ்போர்டேஷன் போர்டின் அன்றைய தலைவர் மார்ட்டின் ஓபர்மேன் சொன்ன கணக்கு: ஆறே வருடத்தில் 45,000 பேர், அதாவது 29 சதவீதம் ஆட்குறைப்பு. அந்த விசாரணையே எதற்கு? சரக்கு நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை, ஆள் போதவில்லை என்று வாடிக்கையாளர்கள் கொடுத்த புகாருக்கு! ஆளைக் குறைத்தது திறமை என்றால், ஆள் இல்லாமல் ரயில் நின்றதற்கு என்ன பெயர்?

அதே 2022-ல்தான் சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பு கேட்டுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம்வரை போனார்கள். நாட்டின் முதுகெலும்பு என்று எல்லாரும் மேடையில் பேசுகிற இந்த வேலையில் பெரும்பாலானவர்களுக்கு அந்த விடுப்பு அதுவரை இல்லை. கம்பெனிகளோடு பேசி எட்டிய ஒப்பந்தத்தைப் பன்னிரண்டு தொழிற்சங்கங்களில் நாலு நிராகரித்தன. நாடாளுமன்றம் தலையிட்டு, அந்த ஒப்பந்தத்தையே சட்டமாக்கி வேலைநிறுத்தத்தைத் தடுத்தது. ஏழு நாள் விடுப்பு தரும் தீர்மானத்துக்கு செனட்டில் 52 பேர் ஆதரவு, 43 பேர் எதிர்ப்பு. ஆனால் 60 வேண்டும் என்பதால் தோற்றது. டிசம்பர் 2-ம் தேதி பைடன் கையெழுத்துப் போட்டார். பிறகு 2023-ல் சங்கங்கள் ஒவ்வொரு கம்பெனியோடும் தனித்தனியாகப் பேசித்தான் சில நாட்களையாவது வாங்கின. ஆக, கொடுக்க முடியாத ஒன்றாக அது எப்போதும் இருக்கவில்லை.

“தனியார் கம்பெனி, லாபம் பார்க்காமல் தர்மசத்திரமா நடத்தும்?” என்று கேட்பார்கள். ரயில்வே விஷயத்தில் மட்டும் இந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது. யூனியன் பசிபிக் தன் சொந்தப் பணத்தில் முளைத்த கம்பெனி இல்லை. லிங்கன் 1862-ல் கையெழுத்திட்ட பசிபிக் ரயில்வே சட்டம் அதற்கு அரசுக் கடனும் கொடுத்தது, பாதையின் இரு பக்கமும் நிலமும் கொடுத்தது. 1864-ல் அந்த நிலத்தை இரட்டிப்பாக்கினார்கள். மைலுக்கு 20 சதுர மைல். பானி, லகோட்டா, செயேன் பழங்குடி மக்கள் வாழ்ந்து வந்த மண் அது. நாடே சேர்ந்து தூக்கிவிட்ட கம்பெனி, பாதையோரத்தில் தானே உண்டாக்கிய ஊர்களுக்குக் கடன்பட்டிருக்கிறது என்று நான் சொல்வது கருணைப் பேச்சு இல்லை, கணக்குப் பேச்சு.

நார்த் பிளாட்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடவில்லை. அந்தப் பகுதியின் மாட்டுப் பண்ணைக்காரர்கள் சேர்ந்து, ஒரு நாளைக்கு 1,500 மாடுகளைக் கையாளும் இறைச்சி ஆலை ஒன்றைக் கட்டி 2025-ல் திறந்திருக்கிறார்கள். 800 பேருக்கு மேல் வேலை. நல்ல முயற்சி. ஆனால் அதே 2025 நவம்பரில், ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிற லெக்சிங்டனில், 3,200 பேர் வேலை செய்யும் தன் மாட்டிறைச்சி ஆலையை மூடப்போவதாக டைசன் என்ற இறைச்சிக் கம்பெனி அறிவித்தது. அந்த ஊரின் மொத்த மக்கள்தொகையே 11,000 வாக்கில்தான். ஒற்றை முதலாளியை நம்பிய ஊருக்கு எந்த நேரத்திலும் எங்கோ ஒரு கூட்ட அறையிலிருந்து இடி விழலாம்.

இப்போது யூனியன் பசிபிக் இன்னும் பெரிதாக வளரப் பார்க்கிறது. 2025 ஜூலையில் நார்ஃபோக் சதர்ன் என்ற இன்னொரு ரயில் கம்பெனியை 8,500 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. 2023-ல் ஒஹாயோவின் ஈஸ்ட் பாலஸ்டைன் என்ற சின்ன ஊரில் 38 பெட்டிகள் தடம் புரண்டு, நச்சு ரசாயனத்தைத் திறந்து எரித்தார்களே, அந்த ரயிலின் சொந்தக்காரக் கம்பெனி இதுதான். இணைப்புக்கு சர்ஃபேஸ் டிரான்ஸ்போர்டேஷன் போர்டின் ஒப்புதல் வேண்டும். சங்கத் தொழிலாளர்கள் யாருக்கும் வேலை போகாது என்று கம்பெனி வாக்குக் கொடுத்திருக்கிறது. இன்று வேலையில் இருப்பவருக்கு அது போதும். அவர் ஓய்வு பெற்றபின் அந்த இடத்துக்கு ஆள் எடுப்பார்களா என்பதை அந்த வாக்கு சொல்லவில்லை. நார்த் பிளாட் மாதிரி ஊர்கள் கரைவது இந்த வழியில்தான். யாரையும் வெளியே அனுப்ப வேண்டாம், போகிறவர் இடத்தை நிரப்பாமல் விட்டாலே போதும். அதனால் ஒப்புதல் கொடுப்பதாக இருந்தால், பெய்லி யார்டில், அதேபோல மற்ற ரயில் ஊர்களில், இத்தனை பணியிடங்கள் இத்தனை வருடத்துக்கு இருக்கும் என்று ஊர் ஊராகப் பெயர் போட்டு எண்ணை எழுதி வாங்க வேண்டும். அந்த எண்ணை வருடா வருடம் பொதுமக்கள் பார்க்க வெளியிடவும் வேண்டும்.