யாருடைய பணம் என்பது வாக்காளருக்குத் தெரிய வேண்டும்

ஒரு கட்சிக்கு யார் நன்கொடை தருகிறார்கள், ஒரு நாடாளுமன்ற உறுப்பினருக்கு அவைக்கு வெளியே யார் ஊதியம் தருகிறார்கள் என்ற இரண்டையும் நாம் தனித்தனியாகவே பேசி வருகிறோம். என்னைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே கேள்விதான். சட்டம் இயற்றுபவர் யாருக்குக் கடமைப்பட்டிருக்கிறார் என்பதை வாக்களிப்பவர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

முதலில் நன்கொடை. நிறுவனங்கள் தங்கள் மூன்றாண்டு சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதம் வரைதான் கட்சிகளுக்குத் தரலாம் என்றிருந்த வரம்பை 2017ஆம் ஆண்டு நிதிச் சட்டம் நீக்கியது. நட்டத்தில் ஓடும் நிறுவனமும் கோடிகளைத் தர வழி பிறந்தது. அடுத்த ஆண்டு, வங்கியில் வாங்கிக் கட்சிக்கு நன்கொடையாகத் தரும் தேர்தல் பத்திரம் வந்தது. அதில் வாங்கியவரின் பெயரும் இல்லை, பெறும் கட்சியின் பெயரும் இல்லை. ஆனால் புற ஊதா ஒளியில் மட்டும் தெரியும் எண் ஒன்று அதில் மறைந்திருந்தது. கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்ற கணக்கு முழுவதும் அரசுடைமையான பாரத ஸ்டேட் வங்கியிடம் இருந்தது. வாக்காளரிடம் மட்டும் எதுவும் இல்லை. இந்த ஏற்பாட்டை நியாயப்படுத்த எனக்கு ஒரு காரணமும் தென்படவில்லை.

2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அத்திட்டத்தையும் வரம்பு நீக்கத்தையும் சேர்த்தே ரத்து செய்தது. நீதிமன்றம் கேட்ட பத்திர விவரங்களைத் தர ஜூன் 30 வரை அவகாசம் கேட்ட பாரத ஸ்டேட் வங்கி, நீதிமன்றம் மறுத்ததும் மறுநாளே தந்தது. மத்தியில் ஆளும் பாரதிய ஜனதா 6,000 கோடி ரூபாய்க்கு மேல் பெற்றிருந்தது. லாட்டரித் தொழிலில் உள்ள ஃபியூச்சர் கேமிங் நிறுவனம் 1,368 கோடிக்குப் பத்திரம் வாங்கியிருந்தது. அதில் 500 கோடிக்கு மேல் தி.மு.க.வுக்குப் போனது. 2003 முதல் லாட்டரி தடை செய்யப்பட்டுள்ள மாநிலத்தில் இதை மக்கள் தேர்தலுக்கு முன்பே அறிந்திருக்க வேண்டாமா? எந்தக் கட்சி என்று பார்த்துக் கோபப்படுவதில் எனக்கு உடன்பாடில்லை.

பத்திரம் ஒழிந்தாலும் தாமதம் ஒழியவில்லை. 20,000 ரூபாய்க்கு மேற்பட்ட நன்கொடைகளைக் கட்சிகள் நிதியாண்டுக் கணக்கில்தான் அறிவிக்கின்றன. ஏப்ரலில் பணம் வாங்கி மே மாதம் தேர்தலைச் சந்தித்தால், அந்தப் பெயர் வெளிவர ஓராண்டுக்கு மேல் ஆகும்.

உறுப்பினர்களின் வெளி வருமானத்தில் நிலைமை இன்னும் விசித்திரமானது. அரசு தரும் ஆதாயப் பதவியான உத்தரப் பிரதேசத் திரைப்பட வளர்ச்சி மன்றத் தலைவர் பதவியை வகித்ததற்காக ஜெயா பச்சன் 2006இல் மாநிலங்களவைப் பதவியை இழந்தார்; அவர் உண்மையில் சம்பளம் வாங்கினாரா என்பது பொருட்டல்ல என்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. அரசு தரும் பதவிக்கு இவ்வளவு கண்டிப்பு காட்டும் நாம், தனியார் தரும் ஊதியத்துக்கு ஏறக்குறைய எதுவுமே கேட்பதில்லை. உறுப்பினர்கள் வழக்கறிஞர் தொழில் செய்யத் தடையில்லை என்று 2018இல் தீர்ப்பாகியுள்ளது. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையிலோ உறுப்பினர் கட்டணம் வாங்கிக்கொண்டு வழக்காட முடியாது.

முழுத் தடையை நான் கேட்கவில்லை. மருத்துவரும் விவசாயியும் வழக்கறிஞரும் தொழிலைக் கைவிட்டால்தான் அவைக்கு வரலாம் என்றால், பரம்பரைச் சொத்துள்ளவர்களும் முழுநேரக் கட்சிக்காரர்களும் மட்டுமே மிஞ்சுவார்கள். யாரிடமிருந்து வாங்குகிறார் என்பதைச் சொல்லிவிட்டு வாங்கட்டும். மாநிலங்களவையில் விதி 293இன்படி நிறுவன இயக்குநர் பதவி, ஆலோசனைக் கட்டணம், கட்டுப்படுத்தும் அளவிலான பங்குகள் போன்றவற்றைப் பதிவேட்டில் எழுத வேண்டும். நேரடியாக நம் வாக்கில் செல்லும் மக்களவைக்கு அப்படியொரு பதிவேடு இல்லை. சொந்தப் பண நலன் உள்ள ஓர் உறுப்பினரின் வாக்கை எதிர்த்து முறையிட மக்களவை விதி 371 இடம் தருகிறது. ஆனால் யாருக்கு எதில் நலன் என்று எழுதி வைக்காத அவையில் எந்த ஆதாரத்தைக் கொண்டு ஒருவர் எழுந்து முறையிடுவார்? மக்களவையும் அப்பதிவேட்டைத் தொடங்கி எவரும் பார்க்கும்படி வலைத்தளத்தில் வைக்க வேண்டும். கட்சிகள் தேர்தல் அறிவித்த நாள் முதல் வாரந்தோறும் நன்கொடைப் பட்டியலை வெளியிட வேண்டும்.