சத்யராஜை ஏன் கூட்டி வந்தார்கள்?

சனிக்கிழமை தியேட்டர் வாசலில் எனக்கும் ரஜினி ரசிகர்களான உங்களுக்கும் நடந்த வாக்குவாதத்தை ஆளுக்கொரு விதமாக எழுதிவிட்டீர்கள். நான் ரஜினிக்கு எதிரி இல்லை. அவருடைய 'கூலி' படம் பிடிக்கவில்லை என்றேன், அவ்வளவுதான்.

திரும்பவும் சொல்கிறேன். பழிவாங்கும் கதை என்றால் செத்தவனுக்காக எனக்கு நெஞ்சு அடைக்க வேண்டும். இதில் ரஜினி நடிக்கும் தேவா தன் சினேகிதன் ராஜசேகரைக் கொன்றவனைத் தேடுகிறான். அந்தச் சினேகிதன் சத்யராஜ். 1986இல் 'மிஸ்டர் பாரத்'தில் அப்பனும் மகனுமாக மோதியவர்கள் 39 வருடம் கழித்துச் சேர்கிறார்கள். அந்த நட்பைப் பார்க்கக் கிடைத்ததோ கொஞ்ச நேரம். பிறகு எந்தக் கோபத்தோடு நான் மூன்று மணித்தியாலம் இருப்பது?

"மாஸ் படத்தில இதெல்லாம் பாக்கக்கூடாது அண்ணை" என்றான் வாசலில் என்னோடு வாதாடிய ஒரு தம்பி. ஏன் பார்க்கக்கூடாது? 'மிஸ்டர் பாரத்'தும் மாஸ் படம்தான், பழிவாங்கும் கதைதான். எண்பதுகளின் கடைசியில், யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில், டிவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்து முற்றத்தில் பாய் விரித்துப் பார்த்தோம். 'என்னம்மா கண்ணு' பாட்டு முடிந்து கொஞ்ச நேரத்தில் ஜெனரேட்டர் நின்றுவிட்டது. பக்கத்து வீட்டு மாமா போத்தலோடு மண்ணெண்ணெய்க்கு ஓடினார். ஒருவரும் எழும்பிப் போகவில்லை. அப்பனும் மகனும் என்ன ஆவார்கள் என்று தெரியாமல் எங்களுக்கு நித்திரை வராது.

நாகார்ஜுனா, உபேந்திரா, அமீர்கான் எல்லாரும் இருக்கிறார்களே என்கிறீர்கள். சரி, இருக்கிறார்கள். சௌபின் சாஹிர் ஒருவருக்குத்தான் செய்வதற்கு ஏதோ இருந்தது, அவரும் பின்னி எடுத்தார். அமீர்கான் கடைசியில் வந்து போகிறார். வசூலைக் காட்டுகிறீர்கள். அது தயாரிப்பாளரின் சந்தோஷம், என்னுடையது இல்லை.

"50 வருஷம் நடிச்ச மனுசனைக் குறை சொல்ல நீ யார்?" என்று கேட்டதுதான் சுட்டது. அவரை எங்கே குறை சொன்னேன்? 74 வயதில் அந்த மனுஷன் கண்ணாலேயே துக்கத்தைக் காட்டுகிறார். அந்தக் கண்ணுக்கு முன்னால் சத்யராஜை இருத்திப் பேச விட்டிருக்கலாமே. அதைத்தான் கேட்டேன். அதைக் கேட்கக்கூட எனக்கு உரிமை இல்லையா?

அன்று அந்தப் பாயில் என் பக்கத்தில் இருந்தவன் இப்போது ரொறன்ரோவில். நேரில் பார்த்து எத்தனையோ வருடம். படம் முடிந்து மோட்டார் சைக்கிளை எடுக்கும்போது போன் எடுத்தான். அவன் இன்னும் பார்க்கவில்லை.

"ரெண்டு பேரும் சேர்ந்து வாற சீன் எப்பிடியடா?" என்றான்.

"பிறகு கதைக்கிறன்" என்று வைத்துவிட்டேன்.