பேசினானா?

என் அக்கா மகனுக்கு இப்போது 26 வயது. ஒரு நாளில் நாலைந்து சொற்கள் வாயில் வந்தால் அதிகம். ஆட்டிசம் என்று தெரிந்த காலத்திலிருந்து எங்களுக்குக் கிடைத்த இலவச ஆலோசனைகளைச் சேர்த்தால் தலையணை சைஸில் ஒரு புத்தகம் போடலாம். அதில் முதல் பக்கம் இதுதான்: "நல்ல மியூசிக்கா போட்டு விடுங்க, தானா சரியாயிடும்."

பாட்டுப் போட்டு விடுவது மியூசிக் தெரபி ஆகாது. பாட்டுக் கேட்பது நல்ல விஷயம், எனக்கும் பிடிக்கும், அது வேறு. ஹெட்போன் மாட்டி, வடிகட்டிய ஒலிகளைக் கேட்க வைத்தால் காது 'பழகிவிடும்', நடத்தை மாறும் என்று ஒரு முறை உண்டு. கீ பெரார் என்ற பிரெஞ்சு மருத்துவர் தொடங்கிவைத்தது. அதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 1998-லேயே சொல்லிவிட்டது. ஆனாலும் இன்றைக்கும் பெற்றோரிடம் விற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள். பயத்தில் இருக்கிறவர்கள் எதையும் வாங்குவார்கள். நாங்களும் வாங்கினோம்.

உண்மையான தெரபி எப்படி இருக்கும் என்று நான் பார்த்தது அவனுக்கு ஒன்பது வயதில். அறைக்குள் போனவன் நேராக மேஜைக்கு அடியில் நுழைந்துகொண்டான். மேஜைப் பலகையின் அடிப்பக்கத்தில் நகத்தால் தட்டினான். டக் டக் டக், நிறுத்தம். மறுபடி டக் டக் டக், நிறுத்தம். நானாக இருந்தால் "வெளிய வாடா கண்ணா" என்று கெஞ்சியிருப்பேன். அந்தத் தெரபிஸ்ட் அவனைக் கூப்பிடவே இல்லை. பியானோ முன்னால் போய் உட்கார்ந்து, அவன் நிறுத்திய இடத்தில் மூன்று சுரம் வாசித்தார். அதே வேகம், அதே இடைவெளி. அவன் தட்டினான், அவர் வாசித்தார். ஐந்தாறு தடவை இப்படியே போனது. அப்புறம் அவன் ஒரு வேலை செய்தான். இரண்டு தட்டோடு நிறுத்திக்கொண்டான். அவரும் இரண்டோடு நிறுத்தினார். மேஜைக்கு அடியிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

அன்று ராத்திரி அக்கா போனில் கேட்டாள்: "பேசினானாடா தம்பி?"

"இல்லக்கா."

"சரி" என்று வைத்துவிட்டாள்.

இப்படிக் கூடவே வாசித்துப் பதில் சொல்லும் முறைக்கு ஒரு வரலாறு உண்டு. 1959-இல் பால் நார்டாஃப் என்ற அமெரிக்க இசையமைப்பாளரும் கிளைவ் ராபின்ஸ் என்ற ஆங்கிலேய சிறப்புக் கல்வி ஆசிரியரும் சேர்ந்து வேலை செய்யத் தொடங்கி உருவாக்கியது. குழந்தை அழுதாலும் குதித்தாலும் அதையே இசையின் தொடக்கமாக எடுத்துக்கொள்வார்கள். ஆட்டிசத்துக்கும் இசைக்கும் உள்ள தொடர்போ அதைவிடப் பழையது. லியோ கானர் என்ற மனநல மருத்துவர் ஆட்டிசத்தைப் பற்றி 1943-இல் எழுதிய முதல் கட்டுரையில் 11 குழந்தைகளைப் பற்றிச் சொல்கிறார். அதில் முதல் பையனே ஒரு வயதில் பல மெட்டுகளைப் பிசகாமல் முணுமுணுத்தவன்.

இனி கசப்பான பகுதி. 2017-இல் ஒரு பெரிய ஆய்வு வெளியானது. 9 நாடுகள், 4 முதல் 7 வயது வரை 364 குழந்தைகள், ஐந்து மாதம். ஒரு பாதிக்கு வழக்கமான கவனிப்பு, மறுபாதிக்கு அதோடு சேர்த்து நான் மேலே சொன்ன மாதிரியான தெரபி. ஆட்டிசத்தின் சமூக அறிகுறிகளை அளக்கும் மதிப்பெண்ணில் இரண்டு பாதிக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. படித்துவிட்டு ரெண்டு நாள் யாரிடமும் பேசவில்லை நான். பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்துச் சீர்தூக்கிப் பார்க்கும் காக்ரேன் என்ற அமைப்பின் தொகுப்பு 2022-இல் வந்தது. அது 26 ஆய்வுகளை, மொத்தம் 1165 பேரைப் பார்த்தது. அதன்படி பொதுவான முன்னேற்றத்திலும் வாழ்க்கைத் தரத்திலும் பலன் தெரிகிறது. ஆனால் பேச்சிலும், பிறரோடு பழகுவதிலும் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை.

அதனால் "மியூசிக் தெரபியால் பேச்சு வரும்" என்று யாராவது உறுதி கொடுத்தால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். அதே சமயம், பேச்சு வரவில்லை என்பதால் அது வீண் என்று சொல்கிறவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. மேஜைக்கு அடியில் அவன் சிரித்ததை எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது? ஒன்பது வருஷமாக எல்லாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருந்தோம். 'இங்கே பார், இதைச் சொல், கையை இறக்கு.' அவன் சொன்னதை ஒருவர் கேட்டுவிட்டு, அவன் மொழியிலேயே பதில் சொன்னது அன்றைக்குத்தான். என்னைக் கேட்டால் தெரபியின் மொத்த மதிப்பும் அங்கேதான் இருக்கிறது. முன்னால் போகிறவன் குழந்தை, பின்னால் போகிறவர் தெரபிஸ்ட்.

இதைத் தலைகீழாகச் செய்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறேன். அவன் படித்த பள்ளியில் கீபோர்டில் ஒரு பாட்டை மாசக்கணக்கில் பழக்கி மேடையேற்றினார்கள். அழகாகத்தான் வாசித்தான். முடித்ததும் அரங்கமே கைதட்டியது. அந்தச் சத்தம் தாங்காமல் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தரையில் சுருண்டுவிட்டான். கீழே இருந்தவர்கள் கண் கலங்கி இன்னும் பலமாகத் தட்டினார்கள். அப்புறம் ஒரு வருஷம் அவன் கீபோர்டு பக்கமே போகவில்லை. ஆட்டிசம் உள்ள எல்லாருக்கும் இசை பிடிக்கும் என்று நினைப்பது ஒரு மூடநம்பிக்கை. பிடித்தவர்களுக்கும் எல்லா ஒலியும் பிடிக்காது.

பதினெட்டு வயது முடிந்ததும் தெரபி நின்றது. "இனிமே பெருசா முன்னேற்றம் இருக்காதுங்க" என்றார்கள் அந்த மையத்தில். வளர்ந்தவர்களுக்கு எங்கே போவது என்று கேட்டேன். பதில் இல்லை. ஆய்வுகளிலும் இதே கதைதான், பெரும்பாலும் குழந்தைகளை வைத்தே நடக்கின்றன. ஆட்டிசம் உள்ள குழந்தைகள் எல்லாரும் பதினெட்டாவது பிறந்தநாளில் காற்றில் கரைந்துவிடுகிறார்கள் போல. நாற்பது வயதில் கிட்டார் கற்றுக்கொள்ளப் போகிற என் நண்பனிடம் யாரும் "என்ன முன்னேற்றம்?" என்று கேட்பதில்லை. ஆசைப்படுகிறான், போகிறான், அவ்வளவுதான். இவன் மட்டும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கணக்குக் காட்ட வேண்டும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அவனும்தான். எனக்கு எந்த வாத்தியமும் தெரியாது, இதைத் தெரபி என்று சொன்னால் அந்தத் தெரபிஸ்ட் என்னை உதைப்பார். அவன் மேஜையில் தட்டுவான், நான் திருப்பித் தட்டுவேன். வயசாக வயசாகத் தாளம் சிக்கலாகிவிட்டது அவனுக்கு. ஐந்து, ஒரு நீண்ட நிறுத்தம், இரண்டு. அந்த நிறுத்தத்தில் நான் எப்போதும் அவசரப்பட்டுவிடுகிறேன். போன வாரமும் அப்படித்தான். என் விரலைப் பிடித்து மேஜைக்கு மேலே அந்தரத்தில் நிறுத்திவைத்தான். சரியான நேரம் வந்ததும் விட்டான்.