ஹராம்தான், ஆனா சூத்திரம் தப்பு

(லாகூர் பழைய நகரம். மோச்சி கேட் பக்கம் சுவரோடு சுவர் ஒட்டிய இரண்டு மொட்டைமாடிகள். 2026 பிப்ரவரி 6, பசந்த் எனும் பட்டத் திருவிழாவின் முதல் நாள், ஜும்மா முடிந்த பிற்பகல். நவீதுக்கு 23 வயது. பக்கத்து மாடிக்கு ஹாஜி சாச்சா மூச்சு வாங்க ஏறி வருகிறார்.)

சாச்சா: நவீத்! பட்டம், மஞ்சக் குர்தா எல்லாம் மார்க்கத்துக்கு ஆகாதுன்னு சொல்லத்தான் வந்தேன். முட்டி வலியோட 42 படி.

நவீத்: சொல்லுங்க சாச்சா. கொஞ்சம் தள்ளி நின்னு சொல்லுங்க, காத்தை மறைக்கிறீங்க.

சாச்சா: காத்து வடமேக்கால இருந்து வருது. நான் நிக்கிறது தென்கிழக்கு. நான் எப்படிடா மறைப்பேன்?

நவீத்: அப்ப ஏன் இது மேல போனதும் கிறுகிறுன்னு சுத்தித் தண்ணித் தொட்டியில விழுது? நாலாவது பட்டம்.

சாச்சா: அல்லாஹ்வோட எச்சரிக்கை. எங்க, காட்டு. ...நூலைப் பட்டத்தோட கட்டுற இந்தச் சூத்திரம் யாரு போட்டது?

நவீத்: யூடியூப் பாத்து நானே போட்டேன். கோர்ட்டு பட்டத்துக்குத் தடை போட்டப்போ எனக்கு ரெண்டு வயசு சாச்சா, வேற யாரு சொல்லிக் குடுப்பாங்க?

சாச்சா: சூத்திரத்தோட கீழ்க்கால் நூல் குட்டையா இருக்கு, சுத்தத்தான் செய்யும். மேல் முடிச்சு நடுக்குச்சியும் வில்லும் சேர்ற இடத்துல. கீழ் முடிச்சு வாலுக்கு மேல நாலு விரக்கடை. ரெண்டையும் சேத்துப் பிடிச்சா, கீழ்க்கால் ஒரு விரக்கடை கூட இருக்கணும். ஹராமான காரியத்தைக் கூட ஒழுங்கா செய்யத் தெரியல.

நவீத்: போட்டாச்சு. ஏறுது! ஆனா இடது பக்கம் சாயுதே?

சாச்சா: வில்லு அந்தப் பக்கம் தடிமன். இறக்கி, வலது முனையில ரெண்டு சுத்து நூல் சுத்து, எடை சமமாகும். நான் என்ன சொல்ல வந்தேன்? ஆங், இது இந்துப் பண்டிகை. ஹகீகத் ராய்னு ஒரு பையனுக்கு 18-ஆம் நூற்றாண்டுல இதே ஊர்ல மத நிந்தனைன்னு மரண தண்டனை குடுத்தாங்க. பிரிவினைக்கு முன்னாடி அவன் சமாதியில பசந்த் அன்னிக்குத்தான் மேளா நடந்துச்சு.

நவீத்: தில்லியில நிஜாமுத்தீன் அவுலியா தர்காவுல இன்னிக்கும் பசந்துக்கு மஞ்சப் பூவும் மஞ்சத் துணியுமா வந்து கவ்வாலி பாடுறாங்க. துக்கத்துல இருந்த தன் குரு நிஜாமுத்தீனைச் சிரிக்க வைக்கக் கவிஞர் அமீர் குஸ்ரு மஞ்ச உடுத்திப் பாடினாராம். அவரையும் சேத்துத் திட்டுவீங்களா?

சாச்சா: குஸ்ரு பேரை இழுக்காதே. அவர் பாடினார், பட்டமா விட்டார்? நூலைக் காட்டு.

நவீத்: பருத்திதான், கடைக்காரர் சத்தியம் பண்ணினார்.

சாச்சா: சத்தியத்தை விடு, தீக்குச்சியைக் கொளுத்து. பருத்தின்னா காகிதம் மாதிரி எரிஞ்சு சாம்பலாகும். நைலான்னா உருகி மணி மாதிரி உருளும். ...ம், சாம்பல். இழை எத்தனை?

நவீத்: ஒன்பது. சட்டத்துல அதுக்கு மேல கூடாதே.

சாச்சா: பருத்தி பலமா இழுத்தா அறும். நைலான் அறாது. நூல் அறலேன்னா பைக்ல போறவன் கழுத்து அறும். உலோகப் பொடி பூசின நூல் மின்கம்பியில விழுந்தா மொஹல்லா முழுக்க கரண்ட் போகும். 2005-ல சுப்ரீம் கோர்ட்டு தடை போட்டது ஹகீகத் ராய்க்காக இல்ல, கழுத்துக்காக. பைக்ல நூலைத் தடுக்குற கம்பி மாட்டியிருக்கியா?

நவீத்: ஹேண்டில்ல வளைச்சுக் கட்டியாச்சு. தம்பியையும் கீழயே உக்கார வெச்சுட்டேன். அவனுக்கு 18 ஆகல, பட்டத்தைத் தொட்டா வாப்பாவுக்குத்தான் வம்பு.

சாச்சா: நூல் சுத்துற அந்தச் சர்க்கியையும் ஒளிச்சு வை, இந்த வருஷம் பிண்ணா, அதான் நூல் உருண்டை, அதுக்கு மட்டும்தான் அனுமதி. உருண்டையைக் கூடைக்குள்ள வெச்சா காலுல சிக்காது. இதெல்லாம் உயிர்ச்சேதம் ஆகக் கூடாதுன்னு சொல்றேன். உற்சாகப்படுத்துறேன்னு நினைச்சுக்காதே.

நவீத்: சாச்சா, ஒரு சந்தேகம். இந்துக்களோட வசந்த பஞ்சமி ஜனவரி 23-லயே முடிஞ்சுருச்சு. தடையைத் தளர்த்தி அரசாங்கம் அனுமதி குடுத்தது பிப்ரவரி 6, 7, 8. வெள்ளி, சனி, ஞாயிறு. அப்புறம் எப்படி இது இந்துப் பண்டிகை?

சாச்சா: என்னது! ரெண்டு வாரம் பிந்தியா? பசந்தை வார லீவு பாத்தா வைப்பாங்க? நிக்காஹ் மண்டபமா இது, காலியா இருக்கிற தேதியில புக் பண்ண?

நவீத்: உங்க ஆட்சேபம் பசந்துக்கா, தேதிக்கா?

சாச்சா: ரெண்டுக்கும்தான். பேசாதே! எதிர்மாடி வெள்ளைப் பட்டம் நம்ம நூல் மேல ஏறுது. டீல் குடு, நூலை ஓடவிடு!

நவீத்: பிடிச்சு இழுத்துடட்டுமா?

சாச்சா: இழுத்தா ஒரே இடத்துல தேஞ்சு உன் நூல் முதல்ல அறும். ஓடவிட்டா தேய்மானம் நீளத்துக்கும் பரவும், அவனோடது ஒரே இடத்துல அறுபடும். விடு, விடு... கையை இறுக்காதேடா! யா அல்லாஹ், இங்க குடு.

நவீத்: மார்க்கம் என்னாச்சு சாச்சா?

சாச்சா: பட்டம் உன்னுது, பாவமும் உன்னுது. நான் நூலை மட்டும் பிடிச்சிருக்கேன். ...போ காட்டா! அவன் பட்டம் அறுந்துச்சு!

நவீத்: தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

சாச்சா: அஸர் பாங்குக்கு எவ்வளவு நேரம் இருக்கு?

நவீத்: நாப்பது நிமிஷம்.

சாச்சா: போதும். அந்தச் சிவப்புக்காரன் சூத்திரமும் தப்பு.