பரண்ல இருந்த ஆதார் ஜெராக்ஸும் எங்க தாத்தாவோட ராதாரிச் சீட்டும்

போன வாரம் பரண்ல இருந்து ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டிய இறக்கினேன், உள்ள முழுக்க ஆதார் ஜெராக்ஸ். கொடைக்கானல் பக்கம் வட்டக்கானல் போற வழியில ரெண்டு ரூம் வாடகைக்கு விடுறேன்னு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். வர்றவங்ககிட்ட ஐடி வாங்கணும், வெளிநாட்டுக்காரங்கன்னா 24 மணி நேரத்துக்குள்ள அவங்க தங்குற விவரத்தை ஆன்லைன்ல ஏத்தணும், எல்லாம் ஒழுங்காத்தான் செஞ்சிட்டு வர்றேன். ஆனா இந்தப் பெட்டி 2018ல இருந்து சேர்ந்தது, யாரோ ஈரோட்டுப் புதுமாப்பிள்ளை, யாரோ தூத்துக்குடி டீச்சர், பிறந்த தேதி, வீட்டு அட்ரஸ், அத்தனையும் எலிப்புழுக்கையோட கிடக்கு. வாங்கி வைன்னு சொன்னவங்க எத்தனை நாளைக்குன்னு சொன்னதில்ல. நானும் கேட்டதில்ல.

செக்கிங்கே வேண்டாம்னு சொல்ல வரல, அதை முதல்லயே சொல்லிடறேன், இல்லன்னா கமெண்ட்ல வந்து எனக்கு தேசபக்தி பாடம் எடுப்பீங்க. 2016 அக்டோபர்ல கேரளா கனகமலையில என்ஐஏ, அதான் மத்திய அரசோட தேசியப் புலனாய்வு முகமை, தீவிரவாத சந்தேகத்துல சில பேரைப் பிடிச்சப்போ, வட்டக்கானலுக்கு வர்ற இஸ்ரேல்காரங்களையும் குறி வச்சிருந்தாங்கன்னு செய்தி வந்துச்சே, அன்னிக்கு எனக்கு வயித்துல புளியைக் கரைச்சுச்சு. தெனம் வந்து டீ குடிச்சிட்டுப் போற புள்ளைங்க. அப்புறம் போலீஸ் வந்து நின்னப்ப நிம்மதியாத்தான் இருந்துச்சு.

ஆனா அதுக்கப்புறம் ஒரு நாள் ராத்திரி பத்தரை மணிக்கு அந்த போலீஸ்ல ரெண்டு பேர் வந்து ரூம் கதவைத் தட்டி, உள்ள இருந்த புருஷன் பொண்டாட்டிய வெளிய வரச் சொல்லி சொந்த செல்போன்ல போட்டோ எடுத்தாங்க. எதுக்கு சார்னு கேட்டேன். "பாதுகாப்புக்குத்தாம்மா." அந்தப் பொண்ணு ஸ்வெட்டர் கூடப் போடாம குளிர்ல நின்னுச்சு, இன்னும் எனக்கு மனசு ஆறல. அந்த போட்டோ இப்ப எந்த போன்ல கிடக்கோ, யாரு யாருக்குப் போச்சோ.

தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்னு கேக்குறவங்களுக்கு எங்க தாத்தா கதைய சொல்லணும். உசிலம்பட்டிப் பக்கம். 1911ல குற்றப்பரம்பரைச் சட்டத்தை மெட்ராஸ் மாகாணத்துக்கும் கொண்டுவந்தாங்க, சில சாதியில பிறந்தவங்களையே குற்றவாளின்னு பதிஞ்சு கைரேகை வாங்குற சட்டம், எங்க ஊர்ல ரேகைச் சட்டம்னு சொல்வாங்க. தாத்தா எந்தத் தப்பும் செய்யல, பிறந்தாரு, அவ்வளவுதான். பக்கத்து ஊருக்குப் பொண்ணு பாக்கப் போகணும்னாலும் ராதாரிச் சீட்டு, அதான் ஊரை விட்டுப் போக அனுமதிச் சீட்டு, வாங்கணும், ராத்திரியானா போலீஸ் கச்சேரியில போய்ப் படுக்கணும். ரேகை வைக்க மாட்டோம்னு நின்னவங்களைத்தான் 1920 ஏப்ரல் 3ல பெருங்காமநல்லூர்ல சுட்டாங்க. அதுக்கும் அன்னிக்கு சொன்ன காரணம் மத்தவங்க பாதுகாப்புதான். சட்டம் போக 1947 ஆயிருச்சு.

அதையும் இதையும் ஒண்ணாக்காதன்னு எங்க வீட்டுக்காரரே சொல்றாரு. சரி, ஒண்ணில்ல. ஆனா போட்டதை எடுக்க ஏன் யாருக்கும் மனசு வரமாட்டேங்குது? கொடைக்கானலுக்கு வர்றவங்க ஆன்லைன்ல எடுக்குற இ-பாஸையே எடுத்துக்கங்க. அது பாதுகாப்புக்கு வந்தது இல்ல, கூட்டத்தையும் வண்டியையும் எண்ண ஹைகோர்ட் சொல்லி வந்தது, சீசன்ல பெருமாள்மலையில மணிக்கணக்கா நின்னவளா சொல்றேன், தேவைதான். 2024 மே 7ல இருந்து ஜூன் 30 வரைக்கும்னு ஆரம்பிச்சாங்க, அப்புறம் நீட்டினாங்க, திரும்ப நீட்டினாங்க, 2025ல கொடைக்கானலுக்கு வாரநாள்ல 4000 வண்டி, சனி ஞாயிறு 6000னு கணக்கும் வந்துச்சு. கணக்கு சரி, எண்ணி முடிச்ச பிறகு அத்தனை போன் நம்பரும் எங்க போகுது?

2017 ஆகஸ்ட் 24ல புட்டசாமி வழக்குல சுப்ரீம் கோர்ட் 9 நீதிபதிங்க ஒரே குரல்ல அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு சொன்னாங்க. அரசாங்கம் அதுல கைவைக்கணும்னா சட்டம் இருக்கணும், நியாயமான நோக்கம் இருக்கணும், தேவைக்கு மேல போகக்கூடாது. நான் கேக்குறதும் அவ்வளவுதான். என் வீட்டுக்கு வந்து ஐடி கேளுங்க, குடுக்குறேன். எந்த உத்தரவுல கேக்குறீங்க, எப்ப அழிப்பீங்கன்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்துட்டுப் போங்க. தாத்தாவுக்கு சீட்டு குடுத்தவனாவது அதுல கையெழுத்துப் போட்டான்.

என் பெட்டிக்கு வர்றேன். ரெஜிஸ்டரைத் தனியா எடுத்து வச்சிட்டேன், ஜெராக்ஸ் எல்லாம் ரெண்டு நாளா வெந்நீர் அடுப்புக்குத்தான் போகுது. மழை ஈரத்துல விறகு பிடிக்க மாட்டேங்குது, அதுக்கு நல்லா உதவுது. 2018, 2019 முடிஞ்சிருச்சு. இன்னிக்கு தூத்துக்குடி டீச்சர்.