லிங்கன் ஒரே கையெழுத்தில் வாக்குரிமையும் தந்தாரா?

"1863-இல் லிங்கன் போட்ட ஒரே கையெழுத்தில் அமெரிக்க அடிமைகள் அத்தனை பேரும் விடுதலையாகி, வாக்குரிமையும் பெற்றார்கள்" என்றொரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆண்டு சரி. மற்றது தவறு.

1863 ஜனவரி 1-இல் லிங்கன் கையெழுத்திட்ட விடுதலைப் பிரகடனம், உள்நாட்டுப் போரில் அவருடைய அரசை எதிர்த்துக் கிளர்ச்சி செய்த தென்மாநிலப் பகுதிகளுக்கு மட்டுமே. லிங்கன் பக்கம் நின்ற கென்டக்கி, டெலவேர் அடிமைகளை அது தொடவே இல்லை. அங்கெல்லாம் 1865 டிசம்பரில் 13-ஆம் சட்டத்திருத்தம் வந்த பிறகுதான் அடிமைமுறை ஒழிந்தது. அப்போது லிங்கன் உயிரோடு இல்லை.

வாக்குரிமைக்கும் அந்தப் பிரகடனத்துக்கும் சம்பந்தமில்லை. இனத்தையோ நிறத்தையோ காட்டி வாக்கை மறுக்கக் கூடாது என்றது 1870-இன் 15-ஆம் திருத்தம், அதுவும் ஆண்களுக்குத்தான். அதே ஆண்டில் மிசிசிப்பியிலிருந்து ஹைரம் ரெவல்ஸ் முதல் கறுப்பின செனட்டரானார். (ஃபார்வர்டு செய்வோர் இவரை ஏனோ மறந்துவிடுகிறார்கள்.)

ஆனால் அந்த வாக்குரிமை நிலைக்கவில்லை. 1877-இல் தென்மாநில அரசுகளுக்குக் காவலாக இருந்த கூட்டாட்சிப் படை விலக்கப்பட்டது. 1890-இல் அதே மிசிசிப்பி புது அரசியலமைப்பு எழுதியது. ஓட்டுப் போட 2 டாலர் வரி. அதோடு, அரசியலமைப்பின் ஒரு பகுதியை வாசிக்க வேண்டும், அல்லது வாசிக்கக் கேட்டுப் பொருள் சொல்ல வேண்டும். சொன்ன பொருள் சரியா என்று தீர்மானிப்பவர் வெள்ளைப் பதிவு அதிகாரி! சட்டத்தில் 'கறுப்பர்' என்ற சொல்லே தேவைப்படவில்லை.

இத்தகைய தேர்வுகளுக்குத் தடை போட்டது 1965-இன் வாக்குரிமைச் சட்டம். கையெழுத்திட்டவர் அன்றைய அதிபர் லிண்டன் ஜான்சன்.